மானசா தேர்ந்தெடுத்த சத்தம்

மாட்டுங்கா
19 ஜனவரி 2025

அன்புள்ள ஜெயராமுக்கு,

மானசா எழுதுகிறேன். நான் பத்திரமாக வந்து சேர்ந்ததை அத்திம்பேர் அன்றே உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாராம். ருக்கு அக்கா உள்ளறையை எனக்குக் கொடுத்துவிட்டு அத்திம்பேரோடு ஹாலில் படுத்துக்கொள்கிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. மூன்று வேளையும் சூடாக ரசம் சாதம். "ஒடம்பு தேறணும்டி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எதிலிருந்து தேற வேண்டும் என்பதை அவளும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

உங்கள் நம்பரை பிளாக் செய்தது கோபத்தில் இல்லை. போனில் என்றால் பேசிப் பேசியே என்னைச் சமாதானம் செய்துவிடுவீர்கள். எட்டு வருஷமாக அப்படித்தானே. அதனால் எழுதுங்கள். கையால் எழுதுங்கள். டைப் செய்து அனுப்பினால் படிக்கமாட்டேன். தபாலில் போட்டால் போதும், நேரில் வரவேண்டாம். என் தமிழில் பிழை இருந்தால் ஆபீஸில் செய்வதுபோல் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். பாருங்கள், பழக்கத்தில் ஆபீஸ் என்று எழுதிவிட்டேன்.

உங்களோடு வேலை செய்த மாலதி துக்கம் கேட்க வந்தாளே, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயராமும் இல்லாம டிரான்ஸ்லேஷன் டீமே போயிடுத்து மானசா. ஆகஸ்ட்ல ஒரே நாள்ல ஒம்பது பேரை அனுப்பிட்டாளே. இப்ப தமிழெல்லாம் மெஷினே எழுதறது" என்றாள். நான் அவள் வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பிறகு உங்களைப் பார்த்தேன். காபி டம்ளர் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னது ஆகஸ்ட் கடைசியில். அன்றிலிருந்து டிசம்பர் வரை நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன். ஒன்பதரைக்கு ஹாலில் உங்கள் கீபோர்டு ஆரம்பிக்கும். ஒரு மணிக்கு நிற்கும். இரண்டிலிருந்து ஆறரை வரை மறுபடியும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எனக்குப் பொழுது போயிற்று. வேலையே இல்லாத மனுஷர் நாள் முழுவதும் என்ன டைப் செய்துகொண்டிருந்தார்?

இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட. டிசம்பர் பதினொன்று, அந்தப் புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் நர்ஸ் "கப் ஸே?" என்று கேட்டாள். எப்போதிலிருந்து இப்படி என்று. "அபீ, இப்போதான்" என்றேன். அது பொய். பத்தேமுக்காலுக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் பிடித்து இழுத்தது, புடவை நனைந்தது. உங்களைக் கூப்பிட வாயைத் திறந்தேன். நீங்கள் படபடவென்று டைப் செய்துகொண்டிருந்தீர்கள். நடுவில் "யெஸ், யெஸ், ஐ வில் செக்" என்றீர்கள். புதன்கிழமை ரிவ்யூ மீட்டிங். காலையில் நான்தான் கேட்டேனே, "இன்னிக்கு ரிவ்யூ இருக்கோல்லியோ?" என்று. குழந்தை வரப்போகிற நேரத்தில் இவர் வேலைக்கு என்னால் ஒன்றும் ஆகிவிடக் கூடாது, இதோ முடிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபத்தைந்துக்குச் சத்தம் நின்றது. அப்புறம்தான் கூப்பிட்டேன்.

நாற்பது நிமிஷம். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். இருபத்தாறு வாரக் குழந்தைக்கு அப்படித்தானாம்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அந்த நாற்பது நிமிஷம் நீங்கள் என்ன டைப் செய்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கேஸ் புக் செய்துவிடுங்கள். பால் அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

மானசா


திலக் நகர், செம்பூர்
23 ஜனவரி 2025

அன்புள்ள மானசாவுக்கு,

பேனா பிடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பாலைச் சொல்லிவிட்டேன். கேஸும் வந்துவிட்டது. உன் கடிதத்தை முதல் தடவை முழுசாகப் படிக்க முடியவில்லை. நர்ஸ் கேட்டதும் நீ சொன்னதும் எனக்கு இப்போதுதான் தெரியும். உள்ளே வந்து உன்னை ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவாவது வந்திருக்கலாம்.

நீ கேட்டதற்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது வியாழக்கிழமை, ஒரு வீடியோ கால். பன்னிரண்டு நிமிஷம். நன்றி சொன்னார்கள், முடிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை உன்னை டாக்டரிடம் அழைத்துப் போனேன். தையல் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "பயப்படுத்துகிற எதையும் உங்கள் மனைவி காதில் போடாதீர்கள்" என்றார். ஒரு வாரத்தில் வேறு வேலை கிடைத்துவிடும், அப்போது சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மேஜையில் போய் உட்கார்ந்தேன். சத்தம் வராவிட்டால் நீ கேட்பாயே.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? என் பழைய கீபோர்டுச் சத்தம் தலையில் ஊசியாகக் குத்துகிறது என்றாய். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை மாற்றினால் சத்தம் மாறும் என்று சொன்னேன். "இத்தனை வருஷமா இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குத்தான் பார்சல் பார்சலா வாங்கினேளா?" என்று கேட்டாய். என்னிடம் இருந்த மூன்று வகையையும் கொண்டுவந்து உன் தலையணைப் பக்கத்தில் வைத்துத் தட்டிக் காட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். டிக் டிக் என்றது முதல் வகை. "கொத்தனார் டைல்ஸ் தட்டறாப்பல இருக்கு" என்றாய். இரண்டாவது சத்தமே இல்லாதது. "நீங்க இருக்கேளா இல்லியான்னே தெரியல, இது வேண்டாம்." மூன்றாவது தொக் தொக் என்றது. "இது நன்னாருக்கு. யாரோ கூடவே உக்காந்திருக்காப்பல" என்றாய்.

எண்பத்தேழு ஸ்விட்சையும் பிரித்து, மெல்லிய பிரஷ்ஷால் கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். மேலே தமிழ் எழுத்துப் போட்ட மூடிகளை மாட்டும்போது 'ம'வை நீயே அழுத்தி மாட்டினாய். அவ்வளவு பொறுமையாக நான் செய்ததைப் பார்த்து உன் கண் கலங்கியது. எனக்குச் செய்வதற்கு வேறு வேலை இல்லை, மானசா. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என்ன டைப் செய்தேன் என்று கேட்டாய். செப்டம்பர் முழுவதும் வேலைக்கு விண்ணப்பம். பதில் வருவது நின்ற பிறகு வாசலில் கிடக்கும் பேப்பரைப் பார்த்து அப்படியே அடித்தேன். வானிலை, ஞாயிற்றுக்கிழமை ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் அறிவிப்பு, காணாமல் போனவர்களைப் பற்றிய விளம்பரம். நவம்பரில் உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். தொடை எலும்பின் நீளம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். இதயத் துடிப்பு சீராக உள்ளது. நான் செய்ததிலேயே நல்ல மொழிபெயர்ப்பு அதுதான்.

அந்தப் புதன்கிழமை ஐரோலியில் ஒரு கம்பெனி எனக்கு டெஸ்ட் வைத்திருந்தது. பத்தரையிலிருந்து பதினொன்று இருபது வரை. கம்ப்யூட்டரிலேயே நேரம் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் நிறுத்தினால் போய்விடும். அதனால்தான் அவ்வளவு வேகம். அந்த வேலை கிடைத்தால் அன்று மத்தியானமே உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

வேறு எதுவும் கேட்கத் தகுதி எனக்கு இல்லை. ரசம் சாதத்தோடு கொஞ்சம் காயும் சாப்பிடு.

ஜெயராம்


மாட்டுங்கா
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெயராமுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அக்கா குக்கரை இறக்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு அடுப்பை மட்டும் அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். எழுத்து ஒன்றும் கோணலாக இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய இரண்டு கடிதத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது.

டெஸ்ட் என்று படித்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அன்று ராத்திரி டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாக விடியும் வரை தூங்கினேன். ஒரு காரணத்துக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன் என்று ஒரு எண்ணம். சுவருக்கு இந்தப் பக்கம் நானும், அந்தப் பக்கம் நீங்களும், நம் குழந்தைக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். அது வீணாகப் போனது. ஆனால் இரண்டு பேரும் ஒரே காரியத்தில் இருந்தோம் என்று நினைக்கும்போது மூச்சு விட முடிகிறது.

டெஸ்ட் எழுதும்போது யாரிடம் "யெஸ், ஐ வில் செக்" என்றீர்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கம்பெனிக்காரர் யாராவது திரையில் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அந்த ஐரோலிக்காரர்கள் பதில் சொன்னார்களா?

ஒன்று சொல்லட்டுமா? காலையில் நீங்கள் தட்ட ஆரம்பித்ததும் அவள் வயிற்றில் புரள்வாள். நவம்பர் கடைசியிலிருந்து தினமும். உங்களைக் கூப்பிட்டுக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னால் சத்தம் நின்றுவிடும், அவளும் சும்மா இருந்துவிடுவாள். "ஒண்ணுமே தெரியலியே" என்று நீங்கள் திரும்பிப் போவீர்கள். போய் உட்கார்ந்து தட்டினால் மறுபடியும் புரளல். நான் தனியாகச் சிரித்துக்கொள்வேன். அதை உங்களிடம் பிறகு விவரமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அத்திம்பேர் டாக்ஸியில் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். கட்டிலை ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு மாற்றிப் போடுங்கள். அந்த மெத்தை உறையைத் துவைக்க வேண்டாம், எடுத்து எறிந்துவிடுங்கள். நான் வரும் அன்று நீங்கள் சமைக்க வேண்டாம், அக்கா புளிக்குழம்பு கட்டிக் கொடுப்பாள்.

உங்கள்
மானசா


திலக் நகர்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள மானசாவுக்கு,

கட்டிலை மாற்றிப் போட்டேன். மெத்தையையே எடுத்துவிட்டு வேறு வாங்கினேன். ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்து மாட்டினேன். இத்தனையும் செய்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். தள்ளிப்போடத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஐரோலியில் எந்தக் கம்பெனியும் இல்லை. டெஸ்ட்டும் இல்லை.

நீ தூங்கினேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உன் நாற்பது நிமிஷத்துக்கு ஏதாவது ஒரு காரணம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இல்லை. அதனால் உண்டாக்கிக் கொடுத்தேன். நீ அதை நம்பிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்து புளிக்குழம்பைப் பிரித்து எனக்குப் பரிமாறினால், நான் எந்த முகத்தோடு சாப்பிடுவது?

நடந்தது இதுதான். டிசம்பர் வந்தபோது அடிப்பதற்குக்கூட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. பேப்பர் அலுத்துவிட்டது. கம்ப்யூட்டரைப் போடாமலே தட்ட ஆரம்பித்திருந்தேன். கறுப்புத் திரையில் என் முகம்தான் தெரியும். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் சாப்பிடும்போது நீ, "இப்பல்லாம் ரொம்ப மெதுவா டைப் பண்றேளே, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புதன்கிழமை காலையில் ரிவ்யூ இருக்கிறதா என்று வேறு கேட்டாய். இருக்கிறது என்றேன். சொன்னபடி காட்ட வேண்டுமே. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதில் எதுவும் ஓடவில்லை. வேகமாகத் தட்டினேன். உனக்குக் கேட்கும்படி "யெஸ், யெஸ், ஐ வில் செக்" என்றேன். எதிரில் யாரும் இல்லை. எந்த எழுத்தைத் தட்டினேன் என்றுகூடத் தெரியாது. விரல்கள் போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

நீ கூப்பிடாமல் இருந்தது என் மீட்டிங்குக்காக. நான் தட்டிக்கொண்டிருந்தது நீ பயப்படக் கூடாது என்பதற்காக. 

கீபோர்டைப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து விக்ரோலியில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை. பில் எழுதுவது, டிரைவர்களுக்குப் போன் செய்வது. இது நிஜமான வேலை. வேண்டுமானால் அத்திம்பேரை வந்து பார்க்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை வா என்று எழுத ஆசையாக இருக்கிறது. இதைப் படித்த பிறகும் வருவதானால் வா. வராவிட்டாலும் நான் கேட்கமாட்டேன்.

ஜெயராம்


மாட்டுங்கா
18 பிப்ரவரி 2025

ஜெயராமுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. நீங்கள் மத்தியானம் வரை பால்கனியில் நின்றிருப்பீர்கள் என்று தெரியும். ஒரு வரி சொல்லி அனுப்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கட்டி வைத்திருந்த பையை அக்கா பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொன்னதற்கு இல்லை, ஏன் இப்போது உண்மையைச் சொன்னீர்கள் என்று. ஒரு பத்து நாள் நான் நன்றாக இருந்தேன். அந்த டெஸ்ட்டை அப்படியே விட்டிருக்கக் கூடாதா? அப்புறம் யோசித்தேன். நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் என்றாவது ஒருநாள் எனக்குத் தெரிந்துதான் இருக்கும். இன்னொரு மாலதி, இன்னொரு ஆரஞ்சுப் பை. சொன்னது நல்லது. அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

நீங்கள் கெட்டவர் இல்லை. நேற்று அத்திம்பேர் ஏதோ ஆரம்பித்தார். "அவரைப் பத்தி இந்தாத்துல யாரும் பேசப்படாது" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் செய்ததெல்லாம் எனக்காகத்தான். என்னால் தாங்க முடியாதது அதுதான். இனிமேல் எனக்காக என்று நீங்கள் எதைச் செய்தாலும் எனக்குப் பயமாக இருக்கும். ஒரு காபி கொண்டுவந்து கொடுத்தாலும், இதற்குப் பின்னால் எதை மறைக்கிறார் என்று உங்கள் முகத்தைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டு உங்களோடு இருக்க எனக்கு மனசு வரவில்லை.

என் மேலும் தப்பு உண்டு. அன்று அந்த ஸ்விட்சுகளில் சத்தம் வராததை நான் எடுத்திருந்தால், நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்று நினைத்து உடனே கூப்பிட்டிருப்பேன். இப்படியெல்லாம் நாள் முழுவதும் ஓடுகிறது. மீட்டிங் போனால் போகட்டும் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நம் வீடு எவ்வளவு பெரியது? கட்டிலிலிருந்து உங்கள் நாற்காலிக்குப் பத்தடிகூட இருக்காது.

இங்கே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் ஆள் கேட்டார்கள். மார்ச்சிலிருந்து போகிறேன். கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்க்கிறேன் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அது உங்களைச் சமாதானம் செய்ய எழுதியது. நான் திரும்பி வரப்போவதில்லை, ஜெயராம்.

ஒன்று மட்டும் எனக்கு வேண்டும். அவளை எங்கே வைத்தீர்கள்? நான் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இருந்தேன், அப்புறமும் கேட்கத் தைரியம் இல்லை. அத்திம்பேரைக் கேட்டேன். "நான் மயானத்து கேட்ல பேப்பர் எழுதிண்டிருந்தேன், ஜெயராம்தான் உள்ளே எடுத்துண்டு போனார்" என்றார். எந்த இடம் என்று எழுதுங்கள். நான் போகும்போது யாரையும் கேட்காமல் நேராக அங்கே போய் நிற்க வேண்டும். கூட யாரும் வேண்டாம்.

மானசா


திலக் நகர்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள மானசாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நினைவில் இருப்பதை வைத்து எழுதக் கூடாது என்று இன்று காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

தேவ்நார் போகும் சாலையில் உள்ள மயானம். செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் சுடுகாட்டு கேட் என்று சொன்னால் போதும். கேட்டுக்குள் நுழைந்ததும் வலது பக்கம் தகனக் கொட்டகை, அங்கே போக வேண்டாம். இடது பக்கம் தண்ணீர்க் குழாயைத் தாண்டி நடந்தால் பின்சுவர் வரும். சுவரோரமாகக் குழந்தைகளுக்கென்று ஒரு துண்டு நிலம். நடுவில் ஒரு பாதாம் மரம். தரை மேடுபள்ளமாக இருக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போ. காலையில் பத்து மணிக்கு முன்னால் கூட்டம் இருக்காது.

அங்கே குழி வெட்டுகிறவர் பெயர் பஞ்சு. தாராவிக்காரர், தமிழ் பேசுவார். டிசம்பர் பதினொன்று என்று சொன்னதும் ஆபீஸிலிருந்து நோட்டை வாங்கிவந்து பார்த்தார். தேதி இருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது, இடம் எழுதவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போய் இரண்டு இடத்தைக் காட்டினார். மேடு அமுங்கிவிட்டது, புல் முளைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். "அன்னைக்கு ரெண்டு புள்ளைங்க வந்துச்சு சார். ஒண்ணு உங்களுது. எதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார். இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அன்று நான் குழியைப் பார்க்கவில்லை, மானசா. அவளைச் சுற்றியிருந்த துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியெல்லாம், மரத்துப் பக்கம் இருப்பதுதான் நம்முடையது என்று உனக்கு எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நிழல் இருக்கிற இடம். எழுதியிருந்தால் நீயும் நேராக அங்கே போய் நின்றிருப்பாய்.

எது என்று எனக்குத் தெரியாது. இரண்டிலும் பூ வைத்துவிட்டு வந்தேன்.

ஜெயராம்